ராமநாதபுரம் கடற்கரையோரம் ஒரு தொழில்நுட்பப் பயணம்: பார்த்ததும் கேட்டதும்

மின்பொறி (திருச்சி) எழுதியது:

தொழில்நுட்பம் பார்க்கக் கிளம்பினால் எல்லாரும் பெங்களூர்ப் பக்கம்தான் வண்டியைத் திருப்புகிறோம். இந்த முறை நானும் அக்கா மகனும் காரைக்குடியில் தொடங்கி தொண்டி, தேவிபட்டினம், ராமநாதபுரம், மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி என்று கடலோரமாகவே போய் வந்தோம். அவன் டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறான். பெரிய ஐடி வளாகம் எதுவும் வழியில் கிடையாது. ஆனாலும் இவ்வளவு நிறைவான பயணம் எனக்கு வேறு எங்கேயும் கிடைத்ததில்லை. காரணம் உப்பும் காற்றும். இந்தக் கரையில் எந்த இயந்திரத்தை வைத்தாலும் அவை இரண்டும் அதைச் சும்மா விடுவதில்லை. அதைத் தாங்கி ஒரு பொருள் எப்படி ஓடுகிறது என்பதை இங்கே கண் முன்னால் பார்க்கலாம்.

காரைக்குடியில் தொடங்கியதற்கும் அதுதான் காரணம். அங்கே மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. 1948ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953ல் திறந்தார்கள். நிலமும் பணமும் அழகப்பச் செட்டியார் கொடுத்தது. பேட்டரியில் இருந்து துரு வரைக்கும் அவர்கள் ஆராய்ச்சிதான். மண்டபம் முகாமில் அவர்களுக்கென்றே ஒரு அரிமான ஆய்வு நிலையம் உண்டு. உலோகத் தகடுகளையும் பெயின்ட் பூசிய தகடுகளையும் கடல் காற்றில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் விட்டுவைத்து, எது எவ்வளவு அரிக்கப்படுகிறது என்று கணக்கெடுப்பார்கள். உலகத்திலேயே இரும்பை வேகமாகத் தின்னும் இடங்களில் பாம்பன் பகுதியும் ஒன்று என்று பொறியாளர்கள் சொல்வதுண்டு. இதைத் தெரிந்துகொண்டு பாலத்தைப் பார்க்கப் போங்கள். பார்வையே வேறாக இருக்கும்.

பாலத்துக்கு வருகிறேன். பழைய ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24ல் திறந்தது, இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம். நடுவில் இருக்கும் ஷெர்சர் தூக்குப் பகுதி இரண்டு கைகளாகப் பிரிந்து மேலே எழும். அந்தக் கைகளை மின்மோட்டார் தூக்கவில்லை. ஆட்கள் நின்று நெம்புகோலைச் சுற்றிச் சுற்றித் திறந்தார்கள். ஒவ்வொரு கையின் அடியிலும் வளைந்த எஃகுப் பட்டை, பின்பக்கம் எதிர் எடை. அந்த வளைவு உருண்டு பின்னால் போகும்போது பாலத்தின் முனை எழுகிறது. 1964 டிசம்பர் புயலில் பாலத்தின் பெரும்பகுதி அடித்துக்கொண்டு போனபோதும் இந்தத் தூக்குப் பகுதி நின்றது. பொறியாளர் ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் பாலத்தை மறுபடி கட்டி ரயில் விட்டார்கள். 2022 டிசம்பரோடு அதில் ரயில் போவது நின்றுவிட்டது.

பக்கத்திலேயே புதுப் பாலம், 2025 ஏப்ரல் 6ல் திறந்தது. 18.3 மீட்டர் நீளத்தில் 99 கண்கள் (தூணுக்குத் தூண் இடைப்பட்ட பகுதிகள்), நடுவில் 72.5 மீட்டரில் ஒரே ஒரு தூக்குக் கண். அது சுமார் 660 டன். கையாகப் பிரியாமல், அப்படியே கிடைமட்டமாக 17 மீட்டர் மேலே போகிறது. இந்தியாவில் கடல்மேல் கட்டிய முதல் செங்குத்துத் தூக்குப் பாலம் இதுதான். 660 டன்னைத் தூக்க எவ்வளவு பெரிய மோட்டார் வேண்டும் என்று மருமகன் கேட்டான். கிணற்று ஏற்றத்தில் பின்பக்கம் கல் கட்டியிருப்பது மாதிரிதான், இரண்டு கோபுரத்திலும் எதிர் எடை தொங்குகிறது, அது கிட்டத்தட்டப் பாலத்தின் எடையையே சரிக்கட்டிவிடும், மோட்டாருக்கு மிச்ச வித்தியாசமும் உராய்வும்தான் வேலை என்று சொன்னேன். உடனே அடுத்த கேள்வி: அப்படியென்றால் ஏன் பழையபடி கை மாதிரி செய்யவில்லை? நல்ல கேள்வி. எழுந்து நிற்கும் கைமேல் காற்று முழுப் பலத்தோடு அடிக்கும். கிடைமட்டமாக எழும் கண்மேல் அவ்வளவு அடிக்காது. தவிர, அகலமான கப்பல் போகக் கையின் சரிவு இடிக்காமல் முழு இடைவெளியும் கிடைக்கும்.

சாலைப் பாலத்தில் நின்று இரண்டையும் ஒருசேரப் பார்க்கலாம். அந்தச் சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2ல் திறந்தது. ஒரு நூற்றாண்டில் பொறியியல் எப்படி மாறியது என்பதற்கு இதைவிட நல்ல காட்சி நாட்டில் எங்கே இருக்கிறது?

அப்புறம் கடைகள். ராமநாதபுரத்தில் படகு ஜிபிஎஸ், ஒலியால் கடலாழம் பார்க்கும் எக்கோ சவுண்டர், வாக்கி டாக்கி எல்லாம் சரிபார்க்கும் ஒரு கடையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம். கடைக்காரர் ஒரு ஜிபிஎஸ்ஸைத் திறந்து காட்டினார். ஆன்டெனா வயர் சேரும் இடத்தில் மட்டும் பச்சைக் களிம்பு. போர்டின் மற்ற இடமெல்லாம் புத்தம்புதிது. "உப்பு உள்ளே வர்றதுக்கு ஒரு ஓட்டை போதும் தம்பி, மிச்சத்தை அதுவே பார்த்துக்கும்" என்றார். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்துத் தேய்த்தார். ஹாட் ஏர் கன்னில் மெல்லக் காட்டி உலர்த்தினார். காப்பர் தடம் அறுந்திருந்த இடத்தில் முடிமாதிரி ஒரு கம்பி வைத்துப் பற்றவைத்தார். கடைசியாக முழு போர்டுக்கும் மெல்லிசாக ஒரு பூச்சு, கனெக்டரில் மட்டும் படாமல். கனெக்டருக்கு கிரீஸ். மருமகன் கல்லூரி ஆய்வகத்தில் படிக்காத பாடம் அது.

இந்தப் பக்கத்து ஆட்கள் இன்னும் எங்கே போகலாம் என்று சொன்னால் அடுத்த முறைக்கு உதவும்.

கருவிப்பித்தன் (சேலம்) எழுதியது:

நல்ல பதிவு. ஆனால் ஒரு மாற்றுக் கருத்து. படிக்கிற பையனோடு போனால் அருங்காட்சியகம்தான் முதலில். பெங்களூர் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1962ல் தொடங்கியது. இயந்திரத்தை வெட்டி உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டுவார்கள். பொத்தானை அழுத்தினால் ஓடும். விமானம் தயாரிக்கும் எச்ஏஎல் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் விமான இன்ஜினைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். எஸ்பி ரோட்டில் எந்த உதிரி பாகமும் கிடைக்கும். சென்னையிலேயே ரிச்சி தெரு இருக்கிறது.

பாம்பனில் போய் நின்றால் யார் விளக்குவார்? ஷெர்சர் எப்படி உருள்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது, சொன்னீர்கள். தெரியாத அப்பா, அம்மா பிள்ளையோடு வந்தால் செல்ஃபி எடுத்துக்கொண்டு ராமேஸ்வரம் போய்விடுவார்கள். விளக்கம் இல்லாத இடத்தில் கற்றல் நடக்காது என்பது என் திடமான எண்ணம்.

பாம்பன்வாசி எழுதியது:

மின்பொறி அண்ணே, எங்க ஊரைப் பற்றி இவ்வளவு அக்கறையாக எழுதியதற்கு நன்றி. எங்கள் குடும்பம் விசைப்படகு வைத்திருக்கிறது. அதனால் கடல் பக்கத்துச் சங்கதி கொஞ்சம் சொல்கிறேன்.

கருவி பார்க்க வருகிறவர்கள் மீன்பிடித் தடைக்காலத்தில் வாருங்கள். ஏப்ரல் 15ல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் பார்க்க வருகிறவர்களுக்கு அது ஏமாற்றம். உங்களுக்கு அதுதான் திருவிழா. படகுகளைக் கரையேற்றி வைத்திருப்போம். இன்ஜினை இறக்கிப் பிரித்துப் போட்டிருப்போம். புரொப்பல்லர், சுக்கான், அடிப்பலகை எல்லாம் வெளியே தெரியும். வயரிங் முழுக்க மாற்றுவோம். மெக்கானிக், வெல்டர், தச்சர், பெயின்டர் எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். கேட்டால் யாரும் சொல்ல மாட்டேன் என்று சொல்வதில்லை. டீ நேரத்தில் கேளுங்கள், அவ்வளவுதான்.

இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டரை விசைப்படகுகளில் பொருத்தி வருகிறார்கள். செல்போன் டவர் எட்டாத கடலில் செயற்கைக்கோள் வழியாகச் சேதி வரும், நாமும் ஆபத்து என்றால் அனுப்பலாம். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் நிறுவனம், கடல்மேல் வெப்பத்தையும் பாசிநிறத்தையும் செயற்கைக்கோளில் பார்த்து, எந்தப் பக்கம் மீன் சேர வாய்ப்பு என்று அறிவிப்பு தருகிறது. அதோடு எங்கள் பெரியவர்கள் கச்சான் காற்று எப்போது விழும், வாடைக் காற்று எப்போது பிடிக்கும் என்று பார்க்கிற கணக்கும் சேர்ந்தால்தான் தொழில். பாலத்துக்கு வடக்கே இருப்பது பாக் நீரிணை, நாங்கள் பெண் கடல் என்போம். தெற்கே மன்னார் வளைகுடா, அது ஆண் கடல். இரண்டிலும் நீரோட்டம் வேறு, அலை வேறு.

இன்னொன்று, யாரும் கவனிக்காதது. பாம்பன் துறைமுக அலுவலகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிற கம்பம். செய்தியில் "ஒன்றாம் எண் கூண்டு" என்று கேட்டிருப்பீர்கள். பகலில் கூண்டு வடிவங்கள், இரவில் சிவப்பு வெள்ளை விளக்கு. மொத்தம் 11 எண் உண்டு. எல்லாரிடமும் செல்போன் வந்த பிறகும் அது நிற்கிறது. செல்போன் சிக்னல் போனாலும் கண்ணுக்குத் தெரியும். எங்களுக்கு அது பெரிய தைரியம்.

விளக்க ஆள் இல்லை என்று கருவிப்பித்தன் சொல்வது பாலத்துக்குச் சரி. கரைக்குச் சரியில்லை. இங்கே ஒவ்வொரு படகிலும் விளக்க ஆள் இருக்கிறார்.

சிற்றலை (கீழக்கரை) எழுதியது:

தம்பிகளே, ரேடியோவை விட்டுவிட்டீர்களே.

ஒரு சின்ன எஃப்எம் ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு மண்டபத்தில் இருந்து தனுஷ்கோடி கோடியில் இருக்கும் அரிச்சல்முனை வரை மெல்லத் திருகிக்கொண்டே போங்கள். முதலில் 90.4ல் கடல் ஓசை. பாம்பனில் இருந்து மீனவர்களுக்காகவே நடக்கும் சமுதாய வானொலி, 2016 ஆகஸ்ட் 15ல் தொடங்கியது. காற்று, அலை, விலை, பாட்டு எல்லாம் வரும். கிழக்கே போகப் போக இலங்கைத் தமிழ் நிலையங்கள் ஒவ்வொன்றாக ஏறும். தனுஷ்கோடி முனையில் இருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான், நடுவே முழுக்கத் தண்ணீர், மலையோ கட்டடமோ மறைக்காது. சில இரவுகளில் இன்னும் தூரத்து நிலையங்களும் தெளிவாகக் கேட்கும். கடலை ஒட்டிய குளிர்ந்த ஈரக்காற்றுக்கு மேலே சூடான உலர்ந்த காற்று படியும்போது, அந்த இடைவெளியில் அலைகள் மாட்டிக்கொண்டு வளைந்து வளைந்து தூரம் போகும். எங்கள் வீட்டு மாடியில் இருந்து இதை நான் இன்றும் விடாமல் கேட்டுவருகிறேன்.

ரூபவாஹினி காலம் தெரியுமா? இலங்கை அரசுத் தொலைக்காட்சி, 1982ல் தொடங்கியது. எங்கள் கடற்கரை ஊர்களில் அப்போது தூர்தர்ஷன் சரியாக எட்டவில்லை. நீளமான இரும்புக் குழாயில் யாகி ஆன்டெனாவைக் கட்டி, தென்கிழக்கே திருப்பி, பூஸ்டர் போட்டுப் பார்ப்போம். ஒருவர் மாடியில் குழாயைத் திருப்புவார், ஒருவர் முற்றத்தில் நின்று குரல் கொடுப்பார், ஒருவர் டிவி முன்னால். உப்புக் காற்றில் அலுமினியக் குச்சி வெளுத்துப் பொடியாகும், வருடா வருடம் மாற்றுவோம். ஆன்டெனா செய்யக் கற்றுக்கொண்ட பையன்கள்தான் பிறகு ஊரில் ரேடியோக் கடை, டிவி கடை, செல்போன் கடை என்று வைத்தார்கள். நீங்கள் பார்த்த மாதிரிக் கடைகளுக்கு வேர் அதுதான்.

பிறகு ராமேஸ்வரத்தில் தூர்தர்ஷன் கோபுரம் வந்தது. 323 மீட்டர். பாம்பன் தாண்டியதுமே தெரியும். அதன் அடியில் போய் நிற்பதைவிடத் தள்ளி நின்று பார்ப்பதுதான் அழகு.

முனைக்குப் போகும்போது செல்போனில் நெட்வொர்க்கைத் தானியங்கியில் இருந்து மாற்றி உங்கள் நிறுவனத்தையே தேர்ந்தெடுத்து வையுங்கள். டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இலங்கை டவர் பிடித்து "இலங்கைக்கு நல்வரவு" என்று குறுஞ்செய்தி வரும், கணக்கில் பணமும் போகும்.

கருவிப்பித்தன் எழுதியது:

சிற்றலை ஐயா, இதை எந்த அருங்காட்சியகத்திலும் கேட்க முடியாது. ஆனால் என் கவலை அதேதான். நீங்கள் மாடியில் உட்கார்ந்து சொன்னால் ஒருவர் கேட்பார். இவ்வளவும் ஒரு கூடத்தில் இருந்தால் ஒவ்வொரு பள்ளிக்கூடமும் வரும்.

கடற்பாசி (மண்டபம்) எழுதியது:

கூடமே இல்லை என்று சொல்ல முடியாது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. 1947ல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் தலைமையகம் கொச்சிக்குப் போகும்முன் பல ஆண்டு எங்கள் ஊரில்தான் இருந்தது. அருங்காட்சியகமும் மீன் காட்சியகமும் பாருங்கள். 2010ல் இந்தியாவிலேயே முதன்முதலாகக் கடல் விரால் மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்தது இங்கேதான். மீனுக்குள் என்ன தொழில்நுட்பம் என்று கேட்காதீர்கள். தண்ணீரின் உப்பு, வெப்பம், ஆக்சிஜன், குஞ்சுக்குக் கொடுக்கும் நுண்ணுயிர் இரை என ஒவ்வொன்றையும் சரியாக வைத்தால்தான் ஒரு குஞ்சு தேறும்.

கடற்பாசித் தொழிலையும் பாருங்கள். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, குறுக்கே கயிறு, கயிற்றில் முடிச்சு முடிச்சாகப் பாசி. 45 நாளில் அறுவடை. இதிலிருந்து எடுக்கும் கராஜீனன் என்கிற கூழ்ப்பொருள் ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேர்கிறது. பாவ்நகரில் இருக்கும் மத்திய உப்பு ஆய்வகத்தின் மண்டபம் நிலையம்தான் இந்த வளர்ப்பு முறைக்கு அடித்தளம் போட்டது. இதற்கெல்லாம் முன்பிருந்தே எங்கள் பெண்கள் கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, ரப்பர் செருப்போடு மூழ்கிக் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் எடுக்கிறார்கள். பாறையில் கால் வெட்டாமல், பாசியை வேரோடு பிடுங்காமல், அடுத்த முறைக்கு மிச்சம் வைத்து எடுக்கும் அந்தத் திறமையையும் தொழில்நுட்பம் என்றுதான் நான் சொல்வேன்.

கலாம் நினைவிடத்தை யாரும் சொல்லவில்லையே. ராமேஸ்வரம் பக்கம் பேக்கரும்பில், 2017 ஜூலை 27ல் திறந்தது, பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ கட்டியது. ஏவுகணை, ராக்கெட் மாதிரிகள் இருக்கின்றன. 1980 ஜூலை 18ல் ரோகிணி செயற்கைக்கோளை ஏற்றிச் சென்ற எஸ்எல்வி-3 ராக்கெட் பற்றிப் பிள்ளைகளுக்கு அங்கே நின்றே சொல்லலாம். அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்ட்டில் ஏவியது கடலில் விழுந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் என் மாணவிகளுக்கு விடாமல் சொல்வது இன்னொன்று. அக்னி ஏவுகணைக்காக உருவாக்கிய லேசான கார்பன் கலவைப் பொருளில், போலியோ பாதித்த குழந்தைகளுக்கு நடைக்கருவி செய்தார்கள். அதுவரை மூன்று நான்கு கிலோ எடையில் காலை இழுத்தது, 300, 400 கிராமுக்கு இறங்கியது. ராக்கெட்டைவிட அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

மசூதித் தெருவில் அவர் வீட்டிலும் ஒரு காட்சிக்கூடம் உண்டு. மாடிப்படி குறுகல். வயதானவர்களைக் காலையிலேயே கூட்டிப் போங்கள்.

மின்பொறி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கருவிப்பித்தன், உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது, அதற்கு என் பதில் இது. பழைய பாலத்தைப் பிரித்து எடுக்க ரயில்வே முடிவு செய்திருக்கிறது. தூண்களும் மற்ற கண்களும் போகட்டும், கப்பல் வழிக்கு அது தேவைதான். ஷெர்சர் பகுதியை மட்டும் பழைய இரும்புக்கடைக்கு அனுப்பக் கூடாது. மண்டபம் கரையிலோ பாம்பன் கரையிலோ நிறுத்தி, ஒரு கையையாவது எழுந்து இறங்கும்படி வைக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் அந்த நெம்புகோலைத் தாங்களே பிடித்துச் சுற்றிப் பார்க்கட்டும். 1964ல் அது ஏன் நின்றது, மற்ற கண்கள் ஏன் போயின என்று பக்கத்தில் எழுதிவைக்கட்டும். பாம்பன்வாசி சொன்ன கூண்டும் சிற்றலை ஐயாவின் ஆன்டெனாவும் அதே கூடத்தில் இருக்கலாம். புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் ஏன் போட்டார்கள் என்பதற்குப் பழைய பாலத்தின் ஒரு துருப்பிடித்த துண்டைப் பக்கத்தில் வைத்தாலே பாதி விளங்கிவிடும்.

கேட்டால் கிடைக்குமா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி கேட்பதுதான். தென்னக ரயில்வேக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு மனு எழுதுகிறேன். வரைவை இங்கேயே போடுகிறேன், திருத்திக் கொடுங்கள்.

பாம்பன்வாசி எழுதியது:

மனுவில் என் கையெழுத்து முதலில் இருக்கட்டும் அண்ணே. அந்தப் பழைய பாலத்தில் ரயில் போன காலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகிவிடும். அந்தக் காற்றளக்கும் கருவியையும் சேர்த்துக் கேளுங்கள்.

புதுவண்டி (மதுரை) எழுதியது:

அடுத்த மாதம் மின்சாரக் காரில் குடும்பத்தோடு வர நினைக்கிறோம். கமுதி சூரிய மின் நிலையத்தைச் சேர்க்கலாமா? உள்ளே விடுவார்களா? சார்ஜ் போட வசதி எப்படி?

சாயல்குடி வாசகன் எழுதியது:

கமுதி 648 மெகாவாட், 2016 செப்டம்பரில் முடிந்தது, சுமார் 10 சதுர கிலோமீட்டர், 25 லட்சம் பலகைகள். முன் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது, பலகைகளை வெளிச் சாலையில் இருந்து பார்க்கலாம். தண்ணீர் இல்லாத பூமி என்பதால் பலகைகளைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதில்லை, ரோபோக்கள் உலர்ந்த பிரஷ்ஷால் துடைக்கின்றன. அதே ஊர்ப் பக்கம் சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற புகையும் தெரியும். இரண்டையும் ஒரே பார்வையில் பார்த்தால் எங்கள் மாவட்டம் புரியும். வழியில் வாலிநோக்கம் உப்பளத்தில் அரசு உப்புக் கழகப் பாத்திகளையும் பார்த்துவிடுங்கள். வெயில் ஏறும் முன் போவது நல்லது.

சார்ஜ் விஷயத்தில், ராமநாதபுரத்தில் முழுதாக ஏற்றிக்கொண்டு தீவுக்குள் போங்கள். அரிச்சல்முனை போய்த் திரும்பும் தூரத்தையும் கணக்கில் சேருங்கள். எதிர்க்காற்றில் பேட்டரி வேகமாக இறங்கும். தனுஷ்கோடிக்கு மாலைக்கு மேல் வண்டி விடமாட்டார்கள், மதியத்துக்குள் போய்விடுங்கள். ஊர் திரும்பியதும் காரின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். உச்சிப்புளி கடற்படைத் தளம் பக்கம் படம் எடுக்க வேண்டாம், டிரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

புதுவண்டி எழுதியது:

நன்றி சார். செப்டம்பர் 26 வாக்கில் வந்தால் காரைக்குடி ஆய்வகத்தில் பொதுமக்களை விடுவார்கள் என்று கேள்விப்பட்டேன், சரியா?

மின்பொறி எழுதியது:

ஆமாம், அந்த ஆய்வகத்தின் தாய் அமைப்பான சிஎஸ்ஐஆரின் நிறுவன நாள் செப்டம்பர் 26. அதையொட்டி ஆய்வகங்களைத் திறந்துவிடுவது வழக்கம். பள்ளி, கல்லூரிக் கூட்டம் இருக்கும், முதல்நாளே தொலைபேசியில் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு அங்கே தொடங்குவதுதான் சரி. மனு வரைவை இன்றிரவு போடுகிறேன்.